அந்த மூலைச் சுவரைக் கழுவ வேண்டாம்

வேலைக்கு வந்த புதிதில் நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். யார்டின் பின்பக்க மூலையில், சுவரில் முட்டி உயரத்துக்கு ஒரு கரித்திட்டு இருக்கிறதே, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தால் போய்விடும், தேய்க்கட்டுமா என்று. வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஹோஸ் பைப்பைச் சுருட்டப் போய்விட்டேன். திமிர் என்று நினைத்திருப்பீர்கள். திமிர் இல்லை. நின்று நாலு வார்த்தை சேர்த்துப் பேசுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே வராது.

இப்போது வேலையை விட்டாகிவிட்டது. முட்டி இரண்டும் இனி முடியாது என்று சொல்லிவிட்டன. விரல் இடுக்கில் ஷாம்பு அரித்த புண் இன்னும் ஆறவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கேள்விதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் எழுதுவது எனக்குப் பேசுவதைவிடச் சுலபம். எழுதும்போது எதிரே யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

ஷாம்பு எவ்வளவு கலப்பது, சீட்டுக்கு எந்தத் துணி, கண்ணாடிக்கு எந்தத் துணி என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. கை தானாகக் கற்றுக்கொள்ளும். பழைய வண்டி விற்கிற இடத்தில் கழுவுகிற வேலைக்கு வந்திருக்கிறீர்கள். புது வண்டி விற்கிற இடத்தில் கழுவுவது வேறு, இங்கே கழுவுவது வேறு. அது எனக்குப் புரியவே வெகுநாள் ஆனது.

சேர்ந்த புதிதில் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். ஒரு பழைய காரின் பானெட்டைத் திறந்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து இன்ஜினைப் புதுப் பாத்திரம் மாதிரி ஆக்கி வைத்தேன். யாரும் சொல்லவில்லை, நல்ல பெயர் வாங்கலாம் என்று நானாகச் செய்தேன். வாங்க வந்தவர் பானெட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

“இவ்ளோ கழுவி வெச்சிருக்கீங்கன்னா எங்கியோ ஒழுவுது” என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

அந்த வண்டியில் ஒரு ஒழுகலும் இல்லை. நல்ல வண்டி. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். நம் யார்டுக்கு வந்து போகும் மெக்கானிக்தான் சிரித்தார். பருத்திப்பட்டில் சின்னதாக ஷெட் வைத்திருந்தவர். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை.

“தங்கச்சி, சீட்டைக் கழுவு, தரையக் கழுவு, கண்ணாடியக் கழுவு. இன்ஜின் மேல கீற எண்ணெய மட்டும் உட்டுடு. அது எங்கேர்ந்து வருதுன்னு பாத்துதான் நான் வைத்தியம் பண்ணணும். நீ தொடச்சிட்டின்னா நான் யாரப் போய்க் கேக்கறது?”

அன்றைக்கு அதை இன்ஜின் விஷயம் என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டேன்.

வண்டி ஸ்டார்ட் பண்ணவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நின்றே கிடக்கிற வண்டிகளுக்கு பேட்டரி இறங்கிவிடும் என்பதால் காலையில் ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் ஓட விடுவது நம் வழக்கம். டீசல் வண்டி என்றால் சாவியைப் பாதி திருப்பி, சுருள் மாதிரி ஒரு விளக்கு எரிந்து அணைகிற வரை பொறுத்து, பிறகு முழுசாகத் திருப்ப வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் தடவை ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தபோது, யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறகு பழகிவிட்டது. முன்னால் பின்னால் நகர்த்தவும் கற்றுக்கொண்டேன்.

இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. எழுதாமல் விட்டால் உங்களுக்கு எதுவும் புரியாது. இன்ஜினில் கோளாறு இருக்கிற வண்டியை நாங்கள் ‘பேஷண்டு’ என்போம். பேஷண்டைப் பார்க்க ஆள் வருகிறார் என்றால், அவர் வருவதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி நன்றாகச் சூடேற விட்டுவிடுவோம். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜின் காலையில் ஸ்டார்ட் ஆகும்போதுதான் தன் நோயையெல்லாம் சொல்லும். சூடேறிவிட்டால் சத்தம் அடங்கிவிடும், புகையும் பெரிதாகத் தெரியாது. விவரம் தெரிந்தவர் வந்தவுடன் பானெட் மேல் கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், “ஆறட்டும், சாயங்காலம் வரேன்” என்று போய்விடுவார். விவரம் தெரியாதவர் டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பார்.

அந்த வெள்ளை வண்டி இப்படி வந்த பேஷண்டுதான். ஏழு பேர் உட்காரும் பெரிய டீசல் வண்டி. பார்க்க ராஜா மாதிரி இருந்தது. அதை முதலாளி ஏன் வாங்கினார் என்று கேட்காதீர்கள். விற்றவர் வெயில் நேரத்தில் தூரத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும், அவசரம் என்றார். சூடாக வந்த வண்டியை நம் முதலாளியும் சூடாகவே வாங்கிவிட்டார். மறுநாள் காலையில் நான் சாவியைத் திருப்பியபோதுதான் தெரிந்தது. இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகி, பின்பக்கம் நீலமாக ஒரு புகை கிளம்பியது. மூலை முழுக்கத் தெரியவில்லை. புகை கலைந்ததும் பார்த்தால் சுவரில் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு திட்டு.

முதலாளியைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். என் மருமகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுத்தவர். ஆனால் ஏமாந்தவருக்கு அந்த வண்டியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டிருக்க முடியாது. எவன் தலையிலாவது கட்டினால் போதும் என்று ஆகிவிடும். புகையும் சத்தமும் அடங்க இன்ஜினுக்குள் கெட்டி ஆயில் ஊற்றச் சொன்னார். விலையைக் குறைத்துப் போட்டார். தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் அந்தச் சுவரைக் கழுவிவிடு என்று என்னிடம் சொன்னார். நானும் கழுவினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வேப்பம்பட்டிலிருந்து பாபு என்று ஒரு பையனும் அவன் மனைவி தேவியும் வந்தார்கள். பாபு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தவன். கான்ட்ராக்ட் முடிந்து ஆட்களை நிறுத்திவிட்டார்கள். அவனுக்கு வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் டீச்சர்களை ஏற்றி இறக்கும் சவாரி பேசி முடிந்திருந்தது. சொந்தமாக ஏழு சீட்டு வண்டி வேண்டும், திங்கட்கிழமை காலையில் கேட்டில் வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் முதலாளியிடம் இதைச் சொன்னதை நான் பக்கத்து வண்டிக்குள் மேட் தட்டிக்கொண்டே கேட்டேன். வண்டி வாங்க வருகிறவன் தன் அவசரத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பாவம், சொல்லிவிட்டான்.

வெள்ளை வண்டியைக் காட்டினோம். காலையிலிருந்து இரண்டு தடவை சூடு பண்ணி வைத்திருந்த வண்டி. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாக இறங்கினான்.

“வெல கம்மியா கீதேன்னு பயந்துகினே வந்தேன் சார். வண்டி சூப்பரா கீது” என்றான்.

அன்றைக்கே முன்பணம் கொடுத்திருப்பான். தேவிதான் தடுத்தாள். இன்றைக்கு நல்ல நேரம் தாண்டிவிட்டது. நாளைக்குச் சனிக்கிழமை, இரும்பு வாங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து வந்து, முன்பணம் கொடுத்து, கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள். பத்தரைக்கு மேல் வாருங்கள் என்றார் முதலாளி. இரண்டு பேரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்குப் போய்க் காலண்டரைக் கிழித்துப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. நல்ல நேரம் பத்தரைக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டைத் திறந்து, முந்தின நாள் கரியை ஒரு தேய் தேய்த்துக்கொண்டிருந்தபோதே இரண்டு பேரும் வந்து நின்றார்கள். சனிக்கிழமை அந்த மூலையில் வேறொரு வண்டி மறித்து நின்றதால் சுவர் கழுவப்படாமல் கிடந்தது. வெள்ளை வண்டியை நான் இன்னும் தொடக்கூட இல்லை. ராத்திரியெல்லாம் ஆறிக் கிடந்த இன்ஜின்.

தேவி புதுப் புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம், கற்பூரம், கொஞ்சம் கதம்பம். பாபு ரொம்ப நாளைக்குப் பிறகு தைரியம் வந்தவன் மாதிரி நிமிர்ந்து நடந்தான்.

நான் முதலாளிக்குப் போன் போட்டேன். பின்னால் கத்தி வெட்டுகிற சத்தம் கேட்டது.

“அதுக்குள்ளயா வந்துட்டாங்க? பத்தரைன்னு சொன்னனே. நான் கறிக்கடைல கீறேன். நீ ஒன்னும் பேசிகினு நிக்காத. வண்டிய ஸ்டார்ட் பண்ணி உட்டுடு. சூடாவட்டும், வந்துர்றேன்.”

சரி என்று சொல்லி வைத்தேன். சாவி மாட்டியிருக்கும் பலகையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். தேவி வண்டியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் பாதி ஈரமாக வெள்ளையாகவும், பாதி கருப்பாகவும் இருந்தது. கீழே நான் போட்டுவிட்டுப் போன பிரஷ் கிடந்தது.

“யக்கா, வரிசையா இத்தினி வண்டி நிக்குது. எல்லாத்துக்கும் பின்னாடி செவுரு தூசியாதான் கீது. இத மட்டும் இன்னாத்துக்கு கழுவிகினு கீறீங்க?”

நான் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. யாரும் கேட்டதில்லை. வருகிறவர்கள் எல்லாம் வண்டியைத்தான் பார்ப்பார்கள். வண்டிக்குப் பின்னால் இருக்கிற சுவரை யார் பார்ப்பார்கள்? மறைக்கிறோம் என்று நினைத்து நான் தினமும் தேய்த்துக்கொண்டிருந்த இடம்தான் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று தெரிந்தது. பிரஷ் போட்டு இன்ஜினைத் தேய்த்த கதையேதான், மறுபடியும்.

தண்ணீர் தெளித்தது, பாசி படிந்தது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவும் பேச்சு வர வேண்டுமே.

“பொக படிஞ்சிதும்மா” என்றேன்.

“எந்தப் பொக?”

நான் வண்டியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பாபு குறுக்கே வந்தான்.

“டீசல் வண்டின்னா பொக வராம பன்னீரா வரும்? நீ வேற. டைம் ஆவுது பாரு. பழத்த எடு.”

அவள் பையைத் திறக்கவில்லை. பிறகு என் கையிலிருந்த சாவியைப் பார்த்துக் கேட்டாள்.

“யக்கா, நல்ல நேரத்துல என் கையால ஒரு தபா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டா? ஊட்டுக்கு வர்ற வண்டி.”

வீட்டுப் பெண் கையால் முதலில் சாவி போடச் சொல்வது இங்கே வழக்கம்தானே. எல்லா வீட்டிலும் வண்டியை வாங்கி முடித்த பிறகு போடுவார்கள். இவள் வாங்குவதற்கு முன்னால் கேட்கிறாள். என் கையில் சாவி இருந்தது. யோசிக்க நேரம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. நானே உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினால் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தால் புகை அடங்கி வரும் என்பது என் காலுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. முதலாளி ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரே தவிர யார் பண்ண வேண்டும் என்று சொல்லவில்லை. சாவியை அவளிடம் கொடுத்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். விளக்கு அணையட்டும், பிறகு திருப்பு என்று சொன்னேன். திருப்பினாள். கெட்டி ஆயிலுக்கு இன்ஜின் சுற்றவே மாட்டேன் என்றது. கிழவன் இருமுகிற மாதிரி இழுத்து இழுத்து நின்றுவிட்டது. மறுபடி திருப்பினாள். தடதடவென்று வண்டியே ஆடியது. பின்னாலிருந்து நீலப் புகை புரண்டு வந்து, நான் கழுவின சுவரின் மேல் மோதித் திரும்பி எங்கள் மூன்று பேரையும் மூடியது. பாபு இருமிக்கொண்டே பின்வாங்கினான். தேவி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் புகைக்குள்தான் முதலாளியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹாண்டிலில் கறிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். என்னைத் திட்டவில்லை. சிரித்தார். தொழில் செய்கிறவர் முகம் அது.

“இன்னா நைனா, வாசல்லயே பூஜையா? நைட்டு பூரா நின்ன வண்டி. காலைல எல்லா டீசலும் இப்டிதான் ரெண்டு இருமு இருமும். அஞ்சு நிமிஷம் உடு, பாலா ஓடும்.”

“அதான் சார் நானும் சொன்னேன்” என்றான் பாபு. அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. முதலாளியிடம் கெஞ்சவில்லை, அவர் சொல்வது உண்மையாக இருக்க வேண்டுமே என்று கெஞ்சினான். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு ராத்திரிதான் இருந்தது.

தேவி இறங்கி வந்தாள். “எல்லா வண்டியுமா சார் இப்டி?”

“இவங்களையே கேளு. டெய்லி ஸ்டார்ட் பண்றவங்க. இன்னாமா, நீ சொல்லு. காலைல எல்லா டீசலும் பொகதானே?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் ஆயுசில் மூன்று பேர் ஒரே நேரத்தில் என் பதிலுக்காக நின்றது அதற்கு முன்னால் நடந்ததில்லை. ஆமாம் என்றால் அந்தப் பையன் முன்பணத்தைக் கொடுத்துவிடுவான். இல்லை என்றால் எனக்குச் சோறு போடுகிறவரை அவர் இடத்திலேயே பொய்யர் ஆக்குகிறேன். ஆமாமும் வரவில்லை, இல்லையும் வரவில்லை.

சாவிப் பலகைக்குப் போனேன். வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொரு டீசல் வண்டி நின்றது. அதுவும் வயசான வண்டிதான், ராத்திரியெல்லாம் அங்கேயேதான் நின்றது. அதன் சாவியை எடுத்து வந்து ஏறி உட்கார்ந்தேன். விளக்கு அணையும் வரை பொறுத்தேன். திருப்பினேன்.

ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. பின்னால் லேசாக ஆவி மாதிரி ஒன்று வந்தது, அதுவும் நின்றுவிட்டது. ஒரு கிளாஸ் டீயை பானெட் மேல் வைத்திருந்தால் சிந்தியிருக்காது. நான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பேசியது பாபுதான். என்னிடம் வந்தான்.

“உன்ன யாராவது ஸ்டார்ட் பண்ணச் சொன்னாங்களா? கழுவற வேலைக்கு வந்தா கழுவிட்டுப் போவணும்.”

முதலாளி சொல்ல வேண்டியதை அவன் சொன்னான்.

“அவங்கள இன்னாத்துக்கு ஏசற?” என்றாள் தேவி.

“பின்ன? நாளைக்கு காலைல கேட்ல போய் நான் நிக்கவா, என் வண்டி நிக்குமா? நீதான நல்ல நேரம் முடியறதுக்குள்ள குடுத்துடணும்னு ஒத்தக் கால்ல நின்ன? இப்ப நீயே குறுக்க நிக்கற.”

“நல்ல நேரத்துலதான் பொக வந்துச்சு. இதுக்கு மேல இன்னா சகுனம் ஓணும் உனக்கு?”

முதலாளி விலையை இன்னும் குறைத்துக்கொள்ளலாம் என்றார். அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. பழுது தெரிந்த பிறகு விலை குறைந்தால், குறைத்த பணத்தில் பழுதைச் சரி பண்ணிவிடலாம் என்று மனசு கணக்குப் போடும். பாபு சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு நின்றான். தேவி அவன் கையைப் பிடிக்கவில்லை. முதலாளியைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

“உங்க மெக்கானிக்கையே கூப்டுங்க சார். அவரு ஓடும்னு சொல்லட்டும். எடுத்துகினு போயிடறோம்.”

நம் ஆள்தானே என்று முதலாளி கூப்பிட்டார். மெக்கானிக் லுங்கியோடு டூவீலரில் வந்தார். வெள்ளை வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. பானெட்டைத் தூக்கி, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி, எடுக்காமல் அப்படியே வைத்தார். மூடி கொதிக்கிற பானை மேல் தட்டு மாதிரி குதித்தது. எடுத்துவிட்டு உள்ளங்கையை வைத்தார். குபுகுபுவென்று புகை கையில் இடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தார், பிறகு பாபுவைப் பார்த்தார்.

“தம்பி, இன்ஜின் எறக்கணும். எறக்கி வேல செஞ்சா நல்ல வண்டி. எறக்காம நாளைக்கு சவாரிக்கு எடுத்தியானா, எந்த ரோட்ல நிக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

“எறக்கி ஏத்த எத்தினி நாளாவும்ணா?”

“நாளைக்கு காலைல ஆவாது” என்றார் மெக்கானிக்.

முதலாளி அவரைப் பார்த்து, “உன்னையும் நான்தாய்யா கூப்ட்டேன்” என்றார்.

அந்தச் சாம்பல் வண்டியை எடுத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அது அஞ்சு சீட்டு, விலையும் அவர்களுக்கு எட்டாதது. பாபு கேட்கக்கூட இல்லை. மணியைப் பார்த்தான். நல்ல நேரம் முடிந்திருந்தது. கேட்டைத் தாண்டிப் போய் ரோட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தேவி பையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். நன்றி சொல்லவில்லை. எலுமிச்சம்பழங்களை என் கையில் கொடுத்தாள்.

“தண்ணில புழிஞ்சி குடிங்க யக்கா. வெயிலு ஜாஸ்தியா கீது.”

அவர்கள் போனதும் கறிப் பையை எடுத்துக்கொண்டு முதலாளியும் வீட்டுக்குப் போனார். எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனாலும் மறுநாள் வழக்கம் போல வந்தேன். வந்து, புதுக் கரி படிந்த சுவருக்குத் தண்ணீர் பிடிக்க ஹோஸை எடுத்தேன். முதலாளி ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்தார்.

“உடு. கழுவாத.”

ஹோஸைச் சுருட்டி வைத்தேன். ஏன் என்று அவர் சொல்லவில்லை. ரொம்ப நாளைக்கு என்னோடு தேவைக்கு மேல் பேசவும் இல்லை. சம்பளத்தில் மட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை.

அந்த வாரமே வெள்ளை வண்டி பருத்திப்பட்டு ஷெட்டுக்குப் போனது. மெக்கானிக் இன்ஜினை இறக்கின பிறகு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஒரு தட்டில் பழைய ஆயிலை ஊற்றி வெயிலில் சாய்த்துக் காட்டினார். ஆயில் முழுக்கத் தங்கத் தூள் போட்ட மாதிரி மினுமினுவென்றிருந்தது. உள்ளே ஒன்றோடொன்று உரசி உரசித் தேய்ந்த உலோகம் அது.

“நல்லாப் பாத்துக்க தங்கச்சி. இது வேலப்பன்சாவடி போயிருக்கும். திரும்பி வந்திருக்காது. ஹைவேஸ்ல ஓடிகினு கீறப்பவே இன்ஜின் அப்டியே இறுகி நின்னிருக்கும். வண்டி நெறைய ஆள்.”

இந்த இடத்தில் கதை நன்றாக முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

ஒரு நாள் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பாபுவைப் பார்த்தேன். தோளில் சாப்பாட்டுப் பை. மறுபடி ஏதோ கம்பெனியில், முன்பைவிடக் குறைந்த கூலிக்கு, ஷிப்டுக்குப் போகிறான் போலிருந்தது. முகம் ஒடுங்கியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கிட்டே வந்தான்.

“அந்தச் சவாரிய இன்னொருத்தன் எடுத்துகினான். டெய்லி இந்த வழியாதான் போறான். நல்லா கீறான்” என்றான். “நீங்க நல்லா கீறீங்களா? செவுரெல்லாம் சுத்தமா கீதா?”

நான் அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். ஆயிலில் மினுமினுத்ததைச் சொன்னால் போதும், அவனுக்குப் புரிந்துவிடும். எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று தேடுவதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை, ஓடியிருக்கக்கூடிய ஒரு வண்டி, வாயைத் திறக்காத ஒரு கிழவியால் கையைவிட்டுப் போனது. நடக்காமல் போன விபத்தை யாருக்கும் காட்ட முடியாது. அவனுக்குக் கண்ணால் தெரிவது, தினமும் அவன் முன்னால் போகிற அந்த இன்னொருத்தனின் வண்டிதான்.

அதனால் நன்றியை எதிர்பார்த்து இந்த வேலையில் எதையும் செய்யாதீர்கள். கிடைக்காது. துணிச்சலாகப் பேசுங்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். எனக்கே வராததை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வாடகை இருக்கிறது. பேஷண்டைச் சூடு பண்ணச் சொல்வார்கள், பண்ணுங்கள். ஆனால் வாங்க வருகிறவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டால் சாவியைக் கொடுத்துவிடுங்கள். கேட்ட பிறகும் மறைத்தால், அது கழுவுகிற வேலையில் சேராது.

வெள்ளை வண்டி இன்ஜின் வேலை முடிந்து வேறு யாருக்கோ நல்ல விலைக்குப் போனது. இப்போதும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். அது நின்ற மூலையில் அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகள் நின்றுவிட்டன. அந்தக் கரி மட்டும் போகவில்லை. பெயிண்ட் அடிக்க வந்த ஆட்களிடம்கூட முதலாளி, அந்த இடத்தை விட்டுவிட்டு அடியுங்கள் என்றுதான் சொன்னார்.

நீங்களும் விட்டுவிடுங்கள். வருகிறவர்கள் யாராவது இதைப் பார்த்து, இது என்ன என்று கேட்டால், எனக்கு ஆன மாதிரி உங்களுக்கும் பேச்சு வராமல் போகலாம். பரவாயில்லை. புகை படிந்தது என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவர்களே கேட்பார்கள்.